ஆற்றுக்கு ஒரு சரிவான கரை

(காட்சி: நகரத்து நடுவே ஓடும் ஆறு. இரு பக்கமும் செங்குத்தான கான்கிரீட் சுவர்.)

இந்தச் சுவரைப் பாருங்கள். ஒரு கொக்கு இங்கே இறங்கினால் எங்கே கால் ஊன்றும்? தண்ணீரில் இருக்கும் தவளை எதைப் பிடித்து மேலே ஏறும்? வெள்ளம் சீக்கிரம் வடிய வேண்டும் என்றுதான் உலகம் முழுக்கப் பல நகரங்கள் தங்கள் ஆறுகளை இப்படிச் சுவருக்குள் அடைத்தன. தண்ணீர் ஓடத்தான் செய்கிறது. ஆனால் நீரும் நிலமும் கலக்கிற அந்த ஈரமான ஓரம் காணாமல் போய்விட்டது. மீன்குஞ்சு ஒளிவதும், தட்டான் முட்டையிடுவதும், பறவை இரை தேடுவதும் அங்கேதான். ஆற்றங்கரையில் ஈரநிலம் அமைப்பது என்றால் அந்த ஓரத்தை ஆற்றுக்குத் திருப்பிக் கொடுப்பது.

(காட்சி: கரையின் குறுக்குவெட்டுப் படம்.)

செடி நடுவதெல்லாம் அப்புறம். முதலில் மண் வேலை. சுவரை எடுத்துவிட்டு, கரையை நன்றாகச் சரிக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறங்க ஐந்து, பத்து மீட்டர் நடக்க வேண்டிய சரிவு. அப்போதுதான் தண்ணீர் ஒரு சாண் ஏறி இறங்கினாலே அகலமான சேற்றுப் பரப்பு கிடைக்கும். கணுக்கால் ஆழத்தில் உள்ளான் சேற்றைக் கிளறும், முழங்கால் ஆழத்தில் நாரை நிற்கும், அதையும் தாண்டினால் முக்குளிப்பான் மூழ்கி மீன் பிடிக்கும். ஒரே ஆழத்தில் தொட்டி மாதிரி வெட்டிவிட்டால் இத்தனையும் வராது. என்னைக் கேட்டால், அளந்து இழைத்த வளைவைவிடக் கோணல்மாணலான கரைதான் நல்ல கரை.

அடுத்து கோரை, நாணல், சம்பு. செடிகள் அழுக்கைக் குடித்துத் தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன என்று சொல்வார்கள். அது பாதிக் கதைதான். தண்டுகளுக்கு நடுவே ஓட்டம் தணிவதால் வண்டல் அடியில் படிகிறது. பெரிய வேலை நடப்பது வேரில். இந்தச் செடிகளின் தண்டுக்குள் காற்றுக் குழல்கள் உண்டு. அவற்றின் வழியே ஆக்சிஜன் வேர் வரை இறங்கி, சேற்றில் கொஞ்சம் கசிகிறது. வேரை ஒட்டிய அந்த மெல்லிய வளையத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவில் உள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். சற்றுத் தள்ளி, ஆக்சிஜன் இல்லாத சேற்றில், வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும்.

அதற்காகச் சாக்கடையை நேராக உள்ளே திறந்துவிடக் கூடாது. அளவு மீறினால் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களை எந்தப் பாக்டீரியாவாலும் சிதைக்க முடியாது. அவை சேற்றில் சேர்ந்துகொண்டே போகும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலை இதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

சரி, கொசு வராதா? நியாயமான கேள்வி. கொசுப்புழுவுக்குப் பிடித்தது அசையாத, தன்னைத் தின்ன ஆளில்லாத தேக்கம். தட்டான் புழுவும் நீர்வண்டும் சிறு மீன்களும் இருக்கிற இடத்தில் அதற்குப் பிழைப்பு கடினம். அதனால் தண்ணீர் மெதுவாகவாவது நகர வேண்டும், குட்டைகள் ஆற்றிலிருந்து துண்டுபட்டுத் தேங்கிவிடக் கூடாது.

(காட்சி: வளைந்து ஓடும் ஆறு, புல்வெளி, குழந்தைகள்.)

இது சிங்கப்பூர். பீஷான் - அங் மோ கியோ பூங்காவின் ஓரமாகக் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயாக நேராக ஓடிக்கொண்டிருந்தது. அதை உடைத்து, ஆற்றைப் பூங்காவுக்குள் வளைந்து ஓட விட்டார்கள். 2012-ல் மக்களுக்குத் திறந்தபோது அதன் நீளம் 3.2 கிலோமீட்டர். உடைத்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டே ஒரு குன்றும் எழுப்பினார்கள். சாதாரண நாளில் பிள்ளைகள் ஓடையில் கால் நனைக்கிறார்கள். கனமழையில் அதே புல்வெளி வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. நீர் ஏறும்போது எச்சரிக்க விளக்கும் சைரனும் இருக்கின்றன. விலங்கு எதையும் யாரும் கொண்டுவந்து விடவில்லை. நீர்நாய்க் குடும்பம் தானாகவே வந்து சேர்ந்தது!

லண்டனிலும் தேம்ஸ் ஆற்றின் ஒரு வளைவில், பயன்பாடு முடிந்த நான்கு கான்கிரீட் நீர்த்தேக்கங்கள் 42 ஹெக்டேர் ஈரநிலமாகி 2000-ல் திறக்கப்பட்டன.

மனிதர்களுக்கான பாதையை ஒரு கரையோடு நிறுத்துவது முக்கியம். சக்கர நாற்காலி போகும்படி மரப்பாதை ஒன்று தண்ணீர் வரை போகட்டும். எதிர்க்கரை பறவைகளுக்கு. சுற்றிலும் நடைபாதை போட்டுவிட்டால் அவை நிம்மதியாகக் கூடு கட்ட ஒரு மூலைகூட மிஞ்சாது. நடுவில் ஒரு சிறு தீவு இருந்தால், நாயும் பூனையும் அவ்வளவு எளிதில் நெருங்காது.

(காட்சி: நாணல் வெட்டும் ஆட்கள்.)

கடைசியாகப் பராமரிப்பு. நாணலை அப்படியே விட்டால் காய்ந்த தண்டும் வண்டலும் சேர்ந்து, திறந்த நீர்ப்பரப்பு மெல்லத் தரையாகிவிடும். வெட்டத்தான் வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் அல்ல. மூன்று பகுதியாகப் பிரித்து ஆண்டுக்கு ஒன்று, அதுவும் குஞ்சுகள் பறந்துபோன பிறகு. வெட்டியதைக் கரையிலேயே குவித்து வைக்காதீர்கள். அங்கேயே அழுகினால், செடி உறிஞ்சிய சத்தெல்லாம் மறுபடி தண்ணீருக்குள்ளேயே போய்விடும்.