உயரத்தைச் செலவழிக்கும் தண்டவாளம்

நேயர்களுக்கு வணக்கம். சங்கிலியால் ஏறும் ரோலர் கோஸ்டர் வண்டியில் எஞ்சின் இல்லை. முதல் மேட்டின் உச்சிக்குச் சங்கிலி இழுத்துச் செல்கிறது. அதன்பின் நிலையம் திரும்பும்வரை அந்த உயரம்தான் எரிபொருள். ஏறும்போது கேட்கும் "கடகட" சத்தம், வண்டி பின்னோக்கி வழுக்காதபடி பற்களில் விழுந்துகொண்டே போகும் தடுப்புக் கொக்கியுடையது.

வெள்ளவத்தையில் ஒரு பத்து மாடிக் கட்டடம் ஏறக்குறைய 30 மீற்றர். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கினால், உராய்வை விட்டுப் பார்த்தால், அடியில் மணிக்கு 87 கிலோமீற்றர் வேகம் வரும். சில்லுகளும் காற்றும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகவே அடுத்தடுத்த மேடுகள் பொதுவாகப் பதிந்துகொண்டே போகும்.

வண்டி தலைகீழாகச் சுற்றிவரும் வளையத்தில்தான் வடிவமைப்பின் அருமை தெரியும். 1895இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் சரிவட்டமான வளையம் ஒன்று ஓடியது; பயணிகளுக்குக் கழுத்து வலித்தது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. சரிவட்டத்தின் உச்சியை மட்டுமட்டாகக் கடப்பதற்கே, அடியில் நுழையும்போது உடல் தன் எடையைப் போல ஆறு மடங்கைத் தாங்க வேண்டும், அதுவும் திடீரென்று. 1976இல் கலிபோர்னியாவில் அன்டன் ஷ்வார்ஸ்கோப், பொறியியலாளர் வெர்னர் ஸ்டெங்கலின் கணக்கோடு கட்டிய வளையம் கண்ணீர்த்துளி வடிவம். வேகம் கூடிய அடிப்பகுதியில் வளைவு அகலம், வேகம் குறைந்த உச்சியில் இறுக்கம். சுமை படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும்.

சில்லுகள் மூன்று திசையில் பிடிக்கின்றன: தண்டவாளத்தின் மேலே, பக்கத்தில், அடியில். மேட்டின் முகட்டில் இருக்கையை விட்டு நாம் எழும்பும்போது வண்டியைப் பிடித்துவைப்பது அடிச்சில்லு.

ஒரே தடத்தில் பல வண்டிகள் ஓடினால், தடம் பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதிக்குள் ஒரு வண்டிதான். மூன்று வண்டிக்குக் குறைந்தது நான்கு பகுதி வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வண்டியை முழுமையாக நிறுத்த இயல வேண்டும். இங்கே பலர் தவறுவது உயரத்தில்: இடைவழி பிரேக்கைத் தாழ்வாக வைத்தால், அங்கு நின்ற வண்டிக்கு மீதித் தூரத்தைக் கடக்க உயரம் போதாது.

காந்த பிரேக் மின்சாரம் போனாலும் வேலை செய்யும், மழையிலும் பிடிமானம் குறையாது. ஆனால் வேகம் குறையக் குறைய அதன் பிடியும் தளரும். கடைசியில் நிறுத்த உராய்வு பிரேக் தேவை.

கொழும்புக் கரையோரத்தில் கட்டுவதானால் இரண்டு விடயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. உருக்கை உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்க வேண்டும், மழைநீர் தேங்கும் மூலைகள் இருக்கக் கூடாது. உப்புக்காற்று போல்ட்டுகளையும் வெல்டிங் மூட்டுகளையும்தான் முதலில் அரிக்கும். மற்றது தென்மேற்குப் பருவக்காற்று. உயர்ந்த, வேகம் குறைந்த மேடுகளை அதற்கு நேரெதிராக வைத்தால், காலையில் ஆளில்லாமல் விடும் சோதனை வண்டி பாரம் குறைந்ததால் முகட்டைத் தாண்டாமல் பின்வாங்கி, இரு மேடுகளுக்கிடையே பள்ளத்தில் நின்றுவிடக்கூடும். அதை வெளியே எடுக்கக் கிரேன் வரவேண்டி நேரலாம்.