இரண்டு அறைகளிலிருந்து பெருத்த தக்காளி

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். காட்டுச் செடி காய்கறிப் பயிராக மாறியபோது அதன் மரபணுத் தொகுதியில் புதிதாக ஏதோ சேர்ந்திருக்க வேண்டும் என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் தொன்மையான உழவர்கள் கண்டு, விதையெடுத்துக் காத்த மாற்றங்களுள் பல, ஏற்கெனவே இருந்த ஒரு மரபணு பழுதுபட்டதாலோ அதன் செயல் தணிந்ததாலோ தோன்றியவை.

பெரு, ஈக்வடார் நாடுகளில் இன்றும் தானாக வளரும் காட்டுத் தக்காளியின் கனி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமே இருக்கும். அதற்குள் பெரும்பாலும் இரண்டு விதையறைகள்தாம். பெரிய தக்காளியைக் குறுக்கே வெட்டினாலோ ஆறு, எட்டு அறைகள்கூடத் தென்படும். பூ அரும்பும் நுனியிலுள்ள ஆக்குத்திசுவில், அதாவது புதிய செல்கள் பிறக்கும் திசுவில், 'வுஷெல்' என்னும் மரபணு செல்களைப் பெருக்கத் தூண்ட, 'கிளவாட்டா-3' அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும். 11ஆம் குரோமோசோமில் ஏறத்தாழ 2,94,000 டி.என்.ஏ. எழுத்திணைகள் கொண்ட ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியபோது, கிளவாட்டாவின் முன்னே இருந்த கட்டுப்பாட்டுப் பகுதி அறுபட்டு அதன் குரல் தணிந்தது. ஆக்குத்திசு அகன்றது, பின்னர் கனியாகும் சூலகத்தின் அறைகள் கூடின. அந்த மரபணு அழியாமல் அடங்கிப்போனதுதான் இதில் என்னைப் பெரிதும் வியக்க வைப்பது, ஏனெனில் அது முழுவதுமாகச் செயலிழந்த செடிகளில் பூக்கள் உருக்குலைந்துவிடுகின்றன. பூவாக முடிய வேண்டிய நுனி முடியாமல் மேலும் மேலும் நுனிகளாகவே கிளைப்பதால் உண்டாவதுதான் காலிஃபிளவரும்.

இத்தகைய தேர்வில் இழப்பும் நேர்ந்தது. காம்பருகே கரும்பச்சைத் திட்டில்லாமல் சீராகப் பழுக்கும் தக்காளியை இருபதாம் நூற்றாண்டின் பயிர்ப்பெருக்குநர்கள் விரும்பித் தேர்ந்தனர். அந்தச் சீர்மைக்குக் காரணம், காயில் பசுங்கணிகங்களை, அதாவது ஒளியைக் கொண்டு சர்க்கரை ஆக்கும் பச்சை நுண்ணுறுப்புகளை, வளர்க்கும் ஒரு மரபணுவில் ஒற்றை டி.என்.ஏ. எழுத்து கூடுதலாக நுழைந்து அதைச் செயலிழக்கச் செய்ததே என்று 2012இல் தெளிவாயிற்று. பசுங்கணிகம் குறைந்த காய் தானே ஆக்கிக்கொள்ளும் சர்க்கரையும் குறைந்தது. நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தவர்கள் தம்மையறியாமலே சுவையில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்; இதை எண்ணி நான் உண்மையாகவே வருந்துகிறேன்.

2018இல் ஆய்வாளர்கள் எதிர்த் திசையில் தொடங்கினார்கள். காட்டுத் தக்காளியையே எடுத்து, அதன் சில மரபணுக்களை மட்டும் மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டி மாற்றும் கிரிஸ்பர் முறையில் திருத்தி, கனியின் அளவை மூன்று மடங்காக்கினார்கள். செடியின் ஏனைய காட்டு மரபணுக்கள் அப்படியே இருந்தன.