முதல் பேஸில் நிற்பவரின் கால்களைப் பாருங்க

[காட்சி: முதல் பேஸ், மேலிருந்து. வெள்ளைப் பையின் ஓரத்தில் ஒரு ஷூ.]

பேஸ்பால் பார்க்கும்போது நம்ம கண்ணு பந்துக்குப் பின்னாடியே போயிடும். இந்த வீடியோவுல பந்தை விட்டுட்டு, முதல் பேஸ்ல நிக்கிற ஃபீல்டர், அதாவது முதல் பேஸ்மேன், அவர் காலை மட்டும் பார்ப்போம்.

பந்தை அடிச்ச பேட்டர் முதல் பேஸுக்கு, அதாவது தரையில இருக்கிற அந்த வெள்ளைப் பைக்கு, 90 அடி ஓடணும். ஏறக்குறைய நாலேகால் வினாடி. அதுக்குள்ள ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஃபீல்டர்) எறிஞ்ச பந்து முதல் பேஸ்மேன் கைக்கு வந்து, அவர் கால் பேஸ்ல இருந்தா அவுட். ஓடி வர்றவரைத் தொடவே வேண்டாம்.

[காட்சி: பாதம், நெருக்கத்தில்.]

காலைப் பேஸ் நடுவுல வச்சா ஓடி வர்றவர் மிதிச்சிடுவார். உள்பக்க விளிம்பை முன்பாதத்தால தொட்டுக்கிட்டு நிக்கணும். புதுசா ஆடுறவங்க சறுக்குறது அடுத்த காலை நீட்டுறதுல. பந்து வர்ற திசை தெரியுறதுக்கு முன்னாடியே நீட்டிட்டா உடம்பு பூட்டிக்கும். அப்புறம் பந்து ரெண்டடி விலகினாலும் எட்டாது. திசையைப் பார்த்துட்டு, அந்தப் பக்கமா நீட்டணும். அப்பவும் எட்டாதுன்னு தெரிஞ்சா பேஸை விட்டுட்டுப் பந்தைப் பிடிங்க. அவுட் போனா போகட்டும், பந்து பின்னாடி ஓடினா எதிரணிக்கு இன்னொரு பேஸ் சும்மா கிடைக்கும்.

தரையில குத்தி வர்ற பந்தைக் குத்தின உடனே அள்ளணும், இல்லேன்னா முழுசா எழும்ப விடணும். ரெண்டுக்கும் நடுவுல கை நீட்டினா பந்து மணிக்கட்டுலயோ மார்புலயோ வந்து அடிக்கும்.

[காட்சி: எபெட்ஸ் ஃபீல்ட் மைதானம், கறுப்பு வெள்ளையில்.]

1947 ஏப்ரல் 15, புரூக்ளின். கறுப்பின வீரர்களைச் சேர்க்காத நிறவெறித் தடையை உடைச்சு, ஜாக்கி ராபின்சன் அமெரிக்காவோட உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்ல இறங்கின நாள். முந்தின வருஷம் மாண்ட்ரியல் அணியில ரெண்டாவது பேஸ் ஆடினவரை முதல் பேஸ்ல நிறுத்தினாங்க. பழகாத இடத்துல அந்த வருஷம் 151 ஆட்டம். ஆகஸ்ட்ல செயின்ட் லூயிஸ் வீரர் ஒருத்தரோட ஸ்பைக் ஷூ, பேஸ்ல இருந்த ராபின்சன் காலை மிதிச்சுது. வேணும்னே மிதிச்சாரான்னு இன்னும் வாக்குவாதம் நடக்குது. விளிம்புல கால் வைக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு இப்போ புரியும்.

ராபின்சன் வலது கைக்காரர். இந்த இடத்துக்கு இடது கைக்காரங்க இன்னும் பொருத்தம். கையுறை வலது கையில, மைதானத்தைப் பார்த்து இருக்கும். உடம்பைத் திருப்பாமலே ரெண்டாவது பேஸுக்கு எறியலாம். இடது கைக்காரரான முதல் பேஸ்மேன் கீத் ஹெர்னாண்டஸ் இதைக் கடைசிச் சொட்டு வரை பயன்படுத்தினார். பேட்டர் பண்ட் அடிக்க, அதாவது பந்தை மெதுவா முன்னாடி தட்டிவிடப் போறார்னு தெரிஞ்சா முன்னாடி பாய்ஞ்சு வந்து, ரெண்டாவது, மூணாவது பேஸுக்கே எறிஞ்சு முன்னால ஓடுறவரை வீழ்த்துவார். சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருது, 1978 முதல் 1988 வரை வரிசையா 11. ஜப்பான்ல 868 ஹோம் ரன் அடிச்ச சதஹாரு ஓவும் இடது கைதான்.

லூ கெரிக்கும் அப்படித்தான். தொடர்ந்து 2,130 ஆட்டம் ஆடினவர். 1939 ஏப்ரல் கடைசியில, சாதாரண ஒரு அவுட்டுக்கு சக வீரர்கள் வந்து பாராட்டினாங்க. இதுக்கெல்லாம் பாராட்டுறாங்கன்னா விலகுற நேரம் வந்துடுச்சுன்னு அவருக்குப் புரிஞ்சுது. மே 2-ஆம் தேதி தானே ஒதுங்கிட்டார். தசைகளை மெல்ல மெல்லச் செயலிழக்க வைக்கிற ஏஎல்எஸ் நரம்பு நோய் அவர் உடம்பைத் தின்னுக்கிட்டிருந்தது.

[காட்சி: 1986 அக்டோபர் 25, பத்தாவது இன்னிங்ஸ்.]

இப்போ பாஸ்டன் அணியோட முதல் பேஸ்மேன் பில் பக்னர். மேஜர் லீக்கோட இறுதித் தொடரான உலகத் தொடரோட ஆறாவது ஆட்டம். மெதுவா உருண்டு வந்த பந்து கையுறைக்கு அடியில, ரெண்டு காலுக்கும் நடுவுல போயிடுச்சு. எதிரணியான மெட்ஸ் 6-5-ன்னு ஜெயிச்சது. மெட்ஸ்ல முதல் பேஸ் ஆடினவர் ஹெர்னாண்டஸ். பந்து பக்னர்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே ஆட்டம் 5-5 சமன் ஆகியிருந்தது. பழி முழுக்க அவர் தலையிலேயே விழுந்தது பெரிய அநியாயம்.

பக்னரோட கணுக்கால் பல வருஷமா கெட்டுப்போயிருந்தது. அதனால பந்தை எடுத்துட்டு, பேஸுக்குத் தானே ஓடாம, ஓடி வர்ற பிட்சருக்கு (பேட்டருக்குப் பந்து வீசுறவர்) தள்ளிவிடுவார். அப்படி இன்னொருத்தர் மூலமா அவுட் எடுத்தா அசிஸ்ட். 1985-ல அவர் எடுத்த அசிஸ்ட் 184, முதல் பேஸ்மேன்கள்ல அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை. ஆல்பர்ட் புஹோல்ஸ் 185 எடுத்து அதைத் தாண்டினது 2009-லதான்.