சீட்டைப் படித்தீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒட்டி சான் மரினோ என்று ஓர் ஊர். ரயில்வே தொழிலில் பணம் சேர்த்த ஹென்றி ஹண்டிங்டன், தன் நூலகத்தையும் ஓவியங்களையும் தோட்டத்தையும் 1919இல் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிளும், கெயின்ஸ்பரோ தீட்டிய நீலச் சட்டைப் பையனும், ஏக்கர் கணக்கில் கள்ளிச்செடிகளும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

நமக்கு அப்படி ஒரே வளாகம் கிடையாது. ஆனால் கோவை கௌலி பிரவுன் சாலையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அதே சாலையில், வனத்துறை வளாகத்துக்குள், காஸ் வன அருங்காட்சியகம். லாலி ரோட்டுக்குப் போனால் வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்கா. ஒரு நாள் போதும், ஒரு தண்ணீர் பாட்டிலோடு கிளம்பிவிடலாம்.

போகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதில்தான் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல். காஸ் அருங்காட்சியகம் 1902இல் வன அதிகாரி எச்.ஏ.காஸ் முயற்சியில் வந்தது. பாடம் செய்து நிறுத்திய காட்டுமாட்டின் முன்னால் எப்போதும் கூட்டம். வரிசையாக வைத்திருக்கும் மரத்துண்டுகளை யாரும் சீண்டுவதில்லை. எந்த மரம், எந்தக் காடு என்று பக்கத்திலேயே சீட்டு இருக்கிறது. சீட்டை எடுத்துவிட்டால் அது விறகு. இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன். இன்றும் இரண்டு முறையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலர்தாவரச் சேகரிப்பில் இது இன்னும் நன்றாகத் தெரியும். லாலி ரோட்டில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட செடிகள் தாளில் ஒட்டிக் கிடக்கின்றன. செடியைப் பூவும் இலையுமாகப் பறித்து, செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். ஈரம் போகும்வரை தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சோம்பினால் பூஞ்சணம் பூத்துவிடும். பிறகு அட்டையில் ஒட்டி, கீழ் மூலையில் சீட்டு: செடியின் பெயர், பறித்த ஊர், தேதி, பறித்தவர் பெயர், அவருடைய வரிசை எண்.

பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்ட நாம் பூளைப்பூ, வேப்பிலையோடு ஆவாரம்பூவும் தேடுகிறோம் அல்லவா? அந்த ஆவாரை தாளில் காய்ந்தால் பூ தேயிலைச் சக்கை நிறத்துக்கு வந்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர், காட்டிலேயே நின்று, பூ மஞ்சள் என்று குறித்துக்கொள்வார். செடி மறந்த நிறத்தைச் சீட்டு வைத்திருக்கும்.

இந்த வேலையில் ஊறியவர் ஃபிஷர். கோவை வட்டாரத்தில் பணியாற்றிய வன அதிகாரி. ஆனைமலைத் தாவரங்களைப் பற்றி 1921இல் எழுதினார். அதற்கு முன்பே, 1915இல், கேம்பிள் என்ற ஓய்வுபெற்ற வன அதிகாரி சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்து பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கியிருந்தார். 1925இல் கேம்பிள் காலமாகிவிட்டார். நூல் பாதியில் நின்றது. மிச்சத்தை எழுதி 1936இல் முடித்துக் கொடுத்தவர் ஃபிஷர். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எப்படித் தொடர முடிந்தது? செடிகள் தாளில் இருந்தன, சீட்டுகள் ஒழுங்காக இருந்தன. காஸ் அருங்காட்சியகம் உள்ள அதே வளாகத்தில் ஃபிஷர் பெயரிலேயே ஓர் உலர்தாவரக் கூடம் இருக்கிறது. இப்படிப்பட்ட கூடங்களுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போவது நல்லது.

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவைச் செடி வேலி இருக்கும், பார்த்திருப்பீர்கள். மாடு மேயும் அந்த நிலம் மனைகளாகும்போது முதலில் வெட்டுப்படுவது வேலிதான். இந்த இடத்தில் கிளுவை இருந்தது என்று நாளைக்கு ஒருவர் சொன்னால் யார் நம்புவார்கள்? ஊர்ப்பெயரும் தேதியும் போட்ட சீட்டோடு ஒரு கிளை இருந்தால் நம்பித்தான் ஆக வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் இதைச் செய்யலாம். அழுத்துவதற்குப் பழைய செய்தித்தாள் போதும்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். ஓவியக்கூடத்தைப் பற்றி நிறையக் குறித்து வந்திருந்தேன், செடிகளே நேரத்தைத் தின்றுவிட்டன. அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளையின் ஓவியக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் இருக்கின்றன. பஞ்சாலைத் தொழில்நுட்பம் தெரிந்தவர் பெயரில் ஓவியக்கூடம்; கோவைக்குப் பொருத்தந்தான். அங்கேயும் படத்துக்குக் கீழே சீட்டு இருக்கும். வணக்கம்.