ஆறியது யாருடைய புண்?

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இந்தப் பனியிலும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் ஆத்தூர் மக்களுக்கும் வணக்கம்.

மகளுக்குச் செய்த அநீதியைக் குடும்பம் மூடி வைப்பதா, வெளியே சொல்வதா? சொல்லத்தான் வேண்டும் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஒரு வார்த்தை சொல்லிப் பெரிய கைதட்டல் வாங்கினார். "இவர்கள் பரணில் ஏறினால் இறங்க மாட்டார்கள். ஆறின புண்ணைச் சொறிவதே இவர்களுக்கு வேலை" என்றார். சரி ஐயா, ஏறுகிறேன். எங்கள் வீட்டுப் பரணிலேயே ஏறுகிறேன்.

எங்கள் தாத்தா 80களில் இறந்தார். அவர் சொந்தமாக வாங்கிய மூன்று ஏக்கர் காடு இருந்தது. உயில் கிடையாது. சில வருடங்களுக்கு முன் அந்தக் காட்டை விற்கப் போனோம். வாங்குகிறவரின் வக்கீல் மூலப்பத்திரம் பார்த்தார், வில்லங்கம் பார்த்தார், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழைப் பார்த்தார். அதில் மூன்று பேர்: பாட்டி, பெரியப்பா, என் அப்பா. "இவ்வளவுதானே வாரிசு?" என்றார் வக்கீல். "இவ்வளவுதான்" என்றார் பெரியப்பா மகன். எல்லாம் முடிந்தது, டீ வந்தது.

அந்த நேரம் பார்த்து, ஃபைலுக்குள் இருந்து ஒரு மஞ்சள் காகிதம் கீழே விழுந்தது. தாத்தாவின் கருமாதிப் பத்திரிகை!

நம் ஊர்க் கருமாதிப் பத்திரிகை உங்களுக்குத் தெரியும். யாரை விட்டாலும் மருமகனை விட முடியுமா? விட்டால் அவர் பந்தலுக்கே வரமாட்டார். அதனால் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: மகள் இன்னார், மருமகன் இன்னார், பேரன் பேத்திகள் இன்னின்னார். வக்கீல் காகிதத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். சான்றிதழைப் பார்க்கிறார், பத்திரிகையைப் பார்க்கிறார். மறுபடியும் சான்றிதழைப் பார்க்கிறார். "இந்த மகள் யாருங்க?" என்றார்.

அந்த மகள் எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா. எங்கே இருக்கிறார்? சிங்கப்பூரிலா? இதோ, பஸ் ஏறினால் அரை மணி நேரம், தலைவாசலில் இருக்கிறார். பொங்கலுக்குச் சீர் வாங்குகிறார், எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் முதல் ஆளாக வருகிறார். தாத்தா செத்த அன்று அவர் பிள்ளைகள்தான் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். அதே மாதம், அதே வீட்டார் இரண்டு காகிதம் எழுதினார்கள். அச்சகத்துக்குப் போன காகிதத்தில் மகள் இருக்கிறாள். தாலுகா ஆபீசுக்குப் போன காகிதத்தில் மகளே பிறக்கவில்லை! அழுவதற்கு மகள் வேண்டும். ஊர் பார்க்க மகள் வேண்டும். மூன்று ஏக்கர் என்று வந்தால் மட்டும் அந்த மகள் எங்கே போனாள்? சொல்லுங்கள் ஐயா.

மகளுக்கும் சம பங்கு என்று 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுக்கவும் வந்த சட்டத் திருத்தங்கள் பூர்வீகச் சொத்துக்கானவை. எங்கள் தாத்தா காட்டுக்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். உயில் இல்லாமல் இறந்தவரின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு என்று 1956ஆம் வருடமே சட்டம் சொல்லிவிட்டது. சட்டத்தில் குறை இல்லை. "பெண் வாரிசு உண்டா?" என்று கேட்ட இடத்தில் "இல்லை" என்று எழுதிய கை நம் வீட்டுக் கை.

இப்போது எதிரணித் தலைவரிடம் கேட்கிறேன். ஆறின புண் என்றீர்களே, யாருக்கு ஆறியது? காட்டை உழுது கடலைக்காய் போட்ட பெரியப்பாவுக்கு ஆறியிருக்கும். புண் இருப்பதே தெரியாமல் முப்பது வருடத்துக்கும் மேலாக அண்ணன் வீட்டுக்கு முறுக்கு சுட்டு எடுத்து வந்த அத்தைக்கு எப்படி ஆறும்?

"இதெல்லாம் அந்தக் காலம்" என்றும் சொன்னீர்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் எங்கே தொடங்கியது? இதே சேலம் மாவட்டத்தில். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 942. நம் மாவட்டத்தில் 851. அப்படிக் குறைந்து போன பிள்ளைகளைப் பற்றி எந்த வீட்டிலாவது இன்றுவரை வாய் திறந்து பேசியிருக்கிறார்களா? அவர்களுக்குக் கருமாதிப் பத்திரிகைகூட அடிக்கவில்லையே ஐயா.

நடுவர் மணியைத் தொடுகிறார். அத்தை சொன்னதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அத்தையை வரச் சொல்லி, திண்ணையில் உட்கார வைத்து, அப்பா எல்லாக் காகிதத்தையும் அவர் மடியில் வைத்தார். சண்டை வரும் என்று பயந்துகொண்டிருந்தோம். அத்தை பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குக் கொடுத்த மனுவின் நகலை எடுத்துக் கீழே இருந்த கைநாட்டைத் தடவிப் பார்த்தார். அது பாட்டியின் கைநாட்டு. "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சுதான் வச்சாங்களா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். யார் பதில் சொல்வது? பாட்டிக்கு எழுத்து தெரியாது, அவரும் போய்விட்டார். எழுதியவர் பெரியப்பா, அவரும் போய்விட்டார். அப்பாவுக்கு அப்போது கல்லூரி வயது. அண்ணன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர், "தெரியலக்கா" என்று சொல்லிவிட்டு அழுதார். அத்தைக்குப் பங்கு கொடுத்தோம். அந்தக் கேள்விக்குப் பதில் கொடுக்க முடியவில்லை. தன்னைப் பெற்றவள் தன்னை வேண்டாம் என்றாளா இல்லையா என்பது தெரியாமலே எழுபது வயதில் ஒரு மகள் பஸ் ஏறிப் போனாள்.

இந்தப் பந்தலில் பெரியவர்கள் நிறைய இருக்கிறீர்கள். என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஆட்கள் இன்னும் உங்கள் வீடுகளில் உயிரோடு இருக்கிறார்கள். உங்கள் அக்கா தங்கையின் நம்பர் உங்கள் போனிலேயே இருக்கிறது, இன்று ராத்திரியே கூப்பிடுங்கள். நடுவர் அவர்களே, எங்கள் அத்தைக்காகத் தீர்ப்புக் கேட்கிறேன். நன்றி, வணக்கம்.