இரண்டு வரி போதும்

வணக்கம். இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கு மகனோ மகளோ வெளிநாட்டில் இருப்பார்கள், அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன்: பேரிடர் நேரத்தில் போன் போகாவிட்டால் வீட்டுக்குச் சேதி சேர்ப்பது எப்படி?

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. ஜப்பானில் பகல் 2.46, நமக்குக் காலை 11.16. 9.0 அளவு நிலநடுக்கம். என் தங்கை குடும்பம் அப்போது டோக்கியோவில், நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி-கசாயில் இருந்தது.

நாங்கள் நாகப்பட்டினத்துக்காரர்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு சுனாமி என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. செண்டாய் பக்கம் கறுப்புத் தண்ணீர் வயல்மேல் ஏறி வருவதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவே இல்லை. செண்டாய் டோக்கியோவிலிருந்து 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "கடல் ஒண்ணுதானடா" என்றாள்.

அப்பா, நான், சித்தப்பா, மாப்பிள்ளை வீட்டார் என்று ஆளாளுக்கு விடாமல் போன் போட்டோம். ஒன்றும் போகவில்லை. போன் போகவில்லை என்றால் ஆள் இல்லை என்று மனசு முடிவுகட்டிவிடுகிறது பாருங்கள், அதுதான் கொடுமை. உண்மையில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் அழைப்புகளுக்கு வழிவிட, சாதாரண அழைப்புகளைத் தொலைபேசி நிறுவனங்களே கட்டுப்படுத்தி வைத்திருந்தன. மெயிலுக்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. மாலை 4 மணிக்குத் தங்கையிடமிருந்து இரண்டு வரி வந்தது: "நானும் பையனும் பார்க்கில் இருக்கிறோம். அவர் இன்னும் வரவில்லை."

ரயில் நின்றுவிட்டதால் மாப்பிள்ளை ஓத்தேமாச்சி ஆபீஸிலிருந்து நடந்துகொண்டிருந்தார், லட்சக்கணக்கானவர்கள் அன்றைக்கு அப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தார்கள். வழியில் ஒரு பொதுத் தொலைபேசியில் வரிசையில் நின்று 171-ஐ அழுத்தினார். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே கொண்டுவந்த ஏற்பாடு அது: 171, அப்புறம் 1, அப்புறம் வீட்டு போன் எண், 30 விநாடி பேசிப் பதிவு செய்து வைத்துவிடலாம். வீட்டில் இருப்பவர் 1-க்குப் பதில் 2 அழுத்தினால் அந்தக் குரலைக் கேட்கலாம். மாதத்தில் 1, 15 தேதிகளில் பழகிப் பார்க்கவும் விடுகிறார்கள், மாப்பிள்ளை ஒருமுறை பழகியிருந்தார். "நடந்து வர்றேன், பையனைத் தூங்க வை" என்ற குரலை ராத்திரி 8 மணிக்குத் தங்கை கேட்டாள்.

வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: போன் போகாவிட்டால் முதல் சேதி யாருக்கு அனுப்புவாய்? எங்கள் வீட்டில் அது நான். மற்ற 11 பேரும் தங்கையைக் கூப்பிடாமல் என்னைத்தான் கேட்பார்கள்.