துணி சுழலும்போது வருபவர்

நேயர்களுக்கு வணக்கம்.

நைஜீரியாவின் இபாதான் நகரில் சில ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து பலர் அப்படிப் போனோம். முதல் நாள் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் ஒரே வகுப்பில் மூன்று பாபாதுண்டே, இரண்டு யெதுண்டே! ‘அப்பா திரும்பி வந்துவிட்டார்’, ‘அம்மா திரும்பி வந்துவிட்டாள்’ என்று பொருள். தாத்தா காலமான பிறகு பிறக்கும் பையனுக்கும் பாட்டி காலமான பிறகு பிறக்கும் பெண்ணுக்கும் வைக்கும் பெயர்கள். அந்தப் பகுதியில் வாழும் யொருபா மக்களைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அந்தப் பதிவேடுதான்.

இரண்டாவது பாடம் தெருவில் கிடைத்தது. எகுங்குன் விழா. இறந்த முன்னோர் துணி உருவில் வீட்டாரைப் பார்க்க வரும் விழா; அந்த உருவுக்கும் எகுங்குன் என்றே பெயர். முதலில் கேட்டது மேளம். யொருபா மொழியில் மேல், நடு, கீழ் என்று மூன்று சுருதிகள் உண்டு. சுருதி மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். உடுக்கை மாதிரி இடை ஒடுங்கிய டுன்டுன் மேளத்தின் வார்களை விலாவோடு அழுத்திப் பிடித்தால் அதுவும் அதே மூன்று சுருதிகளில் பேசும். குடும்பத்தின் குலப்பெருமையைச் சொல்லிச் சொல்லி அது கூப்பிடுகிறது. கூப்பிட்டதும் எகுங்குன் வருகிறது.

தலை முதல் கால் வரை துணி. ஒரு விரல்நுனிகூட வெளியே தெரியாது. கண்ணுக்கு நேரே மட்டும் வலை. மேலே புது வெல்வெட் பட்டைகள், அவற்றின் விளிம்பில் ரம்பப் பல் போல வெட்டித் தைத்த சிவப்புத் துணி. அது வேகமாகச் சுழலும்போது பட்டைகள் குடையாக விரிகின்றன. அடியில் வெளுத்துப்போன அவுரி நீலம், அதற்கும் அடியில் இன்னும் பழையது. குடும்பத்தார் புதுத் துணியைச் சேர்த்துக்கொண்டே போவார்கள், பழசைக் கழிப்பதில்லை. அந்தச் சுழற்சியில் எழும் காற்று மேலே பட்டால் ஆசீர்வாதம். ஆனால் துணி பட்டுவிடக் கூடாது. அதற்காகவே பிரம்போடு ஒருவர் கூட வருகிறார்.

பக்கத்தில் நின்ற மாணவனிடம், “உள்ளே யாரப்பா?” என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் மாறியது. “சார், அப்படிக் கேட்கக் கூடாது. தாத்தா வந்திருக்கிறார்” என்றான். அன்றிலிருந்து அதை வேஷம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ‘ஆரா ஒருன்’, விண்ணுலகத்தார் என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். கரகரத்த தொண்டையில் அது பேசியபோது, பிள்ளை வரம் வேண்டி ஒரு பெண் ரோட்டிலேயே மண்டியிட்டாள்.

மேற்கே, இன்றைய பெனின் நாட்டிலுள்ள கேத்து நகர்ப் பக்கம், கெலெடே என்று வேறொரு ஆட்டம். அது தாய்மார்களுக்கானது. வயதான பெண்களிடம் ஊரை வாழவைக்கவும் அழிக்கவும் சக்தி உண்டு என்று நம்பி, அவர்களைக் குளிர்விக்க ஆண்கள் பெண்ணுருவில் ஆடுகிறார்கள். தலையில் செதுக்கிய மரமுகம். அதன் உச்சியில் பாம்பும் பறவையும் இருக்கும், மோட்டார் சைக்கிள்கூட இருக்கும்.

யொருபா மக்களின் மரபுச் சமயத்தில் மேலே ஒலோடுமரே என்ற ஒரே பரம்பொருள். கீழே ஒரிஷாக்கள் என்ற தெய்வங்கள். இரும்பெல்லாம் ஓகுனுடையது, அதனால் லாரி ஓட்டுநருக்கும் கொல்லருக்கும் அவர்தான் காவல். நீதிமன்றத்தில்கூட மரபுச் சமயத்தார் இரும்பைத் தொட்டுச் சத்தியம் செய்யலாம்.

கணக்கு வாத்தியாரான என்னைக் கட்டிப்போட்டது இஃபா குறி. பாபலாவோ என்ற குரு 16 பனங்கொட்டைகளை ஒரு கையிலிருந்து மறு கையால் அள்ளுகிறார். இரண்டு மிஞ்சினால் பலகை மேல் தூவிய பொடியில் ஒரு கோடு. ஒன்று மிஞ்சினால் இரண்டு கோடு. எட்டு முறை இப்படி. இரண்டின் எட்டாம் அடுக்கு, ஆக 256 உருக்கள். ஒவ்வொன்றுக்கும் ஏராளமான பாடல்கள், அத்தனையும் மனப்பாடம். 2005-இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்தது. ஏட்டில் எழுதாமலே இவ்வளவையும் காத்த நினைவாற்றலை எண்ணினால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் யொருபா மக்களின் ஓயோ பேரரசு சிதைந்தபோது, போரில் பிடிபட்டவர்களை அடிமைகளாக விற்றுக் கப்பலேற்றினார்கள். கையில் எதையும் எடுத்துப்போக வழியில்லை. பிரேசிலின் பாயியா மாநிலத்தில் இடாபாரிக்கா என்றொரு தீவு இருக்கிறது. அங்கே இன்றும் துணிப் பட்டைகள் சுழல்கின்றன, பிரம்போடு ஒருவர் முன்னால் நடக்கிறார். வருகிறவர் யொருபா மொழியில்தான் பேசுகிறார்.